கேட்டுத்தான் போடுவான்

செத்தவர்களின் பெயரைச் சொல்வது என் தொழிலாக இருந்தது. மட்டக்களப்பு டவுனில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி மெதுவாக ஊர்ந்து போகும். “மரண அறிவித்தல்” என்று ஒரு பெண் குரல் தொடங்கும். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையுமான இன்னார் காலமானார் என்று அது சொல்லி முடிக்கும்போது வண்டி அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கும். அந்தக் குரல் நான்தான். சந்தையில் மீன் வாங்கும்போது, “உங்கட குரல எங்கயோ கேட்டிரிக்கன் புள்ள” என்பார்கள். எங்கே என்று நான் சொல்வதில்லை. நல்ல மீன் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுசியை ஏன் கலவரப்படுத்தவேண்டும்?

அந்தக் குரலைப் பதிந்தவன் என் மாமி மகன். என்னைவிட இளையவன், மச்சான் முறை. ஊரில் இத்தனை பேரின் பெயரை உரத்துச் சொன்ன எனக்கு, அவன் பெயரை மட்டும் இங்கே எழுத அனுமதியில்லை. அனுமதி என்ற சொல்லை வேண்டுமென்றுதான் போட்டேன். அவனைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை.

ஊருக்கு அவன் பீட் போடுகிற பொடியன். ராப் பாடுகிற பிள்ளைகள் சொல்லோடு வருவார்கள். அந்தச் சொல்லுக்குத் தாளம் செய்து, இசை கோர்த்து, குரலைப் பதிந்து, எல்லாவற்றையும் கலந்து பாட்டாக்கிக் கொடுப்பது அவன் வேலை. அதற்குப் புரொடியூசர் என்று பெயர். மாமிக்கு அதை விளங்கப்படுத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“புரொடியூசர் எண்டா படத்துக்குக் காசு போடுறவர்தானே? இவன்ட்ட எங்கால காசு?”

“அது வேற புரொடியூசர் மாமி. இவன் சத்தம் போடுறவன்.”

“அதுதான் விடிஞ்சாப் பொழுதுபட்டா டப்பு டப்பெண்டு போடுறானே. உழைக்கிற சத்தமா அது? ஒரு படத்தில இவன்ட பேர் எழுத்தில ஓடட்டும். அண்டைக்கு நம்புறன், இவன் வேல செய்யிறான் எண்டு.”

மாமி இதை எரிச்சலில் சொன்னார். சொல்லிவிட்டு மறந்தும் போனார். அவன் மறக்கவில்லை. “ஒரு படம் மச்சாள். பெரிய திரையில. அம்மாவ முன் வரிசையில இருத்தி வச்சு அந்த எழுத்தக் காட்டணும்” என்று என்னிடம் சொன்னான். பிறகு அவன் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த ஒரு வரி எழுத்துக்காகத்தான்.

அவனுடைய ஸ்டூடியோ டவுனில் ஒரு போன் கடைக்கு மேலே இருந்தது. ஸ்டூடியோ என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தி வைத்த ஒரு அறை. ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலும் பதிவாகிவிடும், ஆகவே குரல் எடுக்கும்போது ஃபேன் நிற்கவேண்டும். மட்டக்களப்பு வெயிலில், மெத்தைகளுக்கு நடுவில், ஃபேன் இல்லாமல், “அன்னாரின் பூதவுடல்” என்று குரல் நடுங்காமல் சொல்லிப் பாருங்கள், என் சீவியம் விளங்கும். மரண அறிவித்தலும் கோயில் திருவிழா அறிவித்தலும்தான் அறை வாடகையைக் கட்டின. ராப் பாட்டு அவனைக் கட்டி வைத்திருந்தது.

சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு ரெக்கோடர் எப்போதும் அவன் சட்டைப் பையில் கிடக்கும். கடையில் வாங்கும் சத்தம் அவனுக்குப் பிடிக்காது. பஸ் நிலையத்தில் கொண்டக்டர் தகரத்தில் தட்டும் தட்டு, கொத்துரொட்டிக் கடையின் இரும்புச் சத்தம், மழைக்குப் பிறகு தவளை, எல்லாம் பிடித்து வருவான். அதை வெட்டி ஒட்டித் தாளமாக்குவான். அதுவரைக்கும் எல்லா பீட்காரர்களும் செய்கிற வேலைதான். இவனிடம் ஒரு விசர், ஒரு கிறுக்கு, இருந்தது. எந்தச் சத்தத்தையும் அதற்குரிய ஆளைக் கேட்காமல் பாட்டில் போடமாட்டான். கேட்பது என்றால் சும்மா வாயால் கேட்பதும் இல்லை. பாட்டை முழுசாகச் செய்து, அந்த ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், ஹெட்போனை அவர் காதில் வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் கேட்க வைத்து, பிறகுதான், “போடட்டா?” என்பான். அந்த ஆள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவான். மறுபேச்சே கிடையாது.

“முழுப் பாட்டையும் என்னத்துக்குடா கேக்க வைக்கிறாய்? அவர்ட சத்தம் வாற இடத்த மட்டும் போட்டுக் காட்டு” என்றேன் ஒருநாள்.

“பாதியக் காட்டிக் கேக்கிறது கேக்கிறது இல்ல மச்சாள்” என்றான்.

முதலில் நான் மாட்டியது ஒரு கொட்டாவியால். இரண்டு மரணத்துக்கு நடுவில், மைக் திறந்திருந்தபோது நான் விட்ட கொட்டாவி. நீண்ட, வாய் கிழிந்த, வெட்கம் கெட்ட கொட்டாவி. அதை எடுத்து ஒரு பாட்டின் தொடக்கத்தில் வைத்திருந்தான். வேலை தேடி அலைகிற ஒருவன் காலையில் எழும்புகிற பாட்டு. நான் கேட்டு முடியும்வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போடட்டா?” என்றான்.

“கொட்டாவிக்குமா கேக்கிறாய்? போட்டுத் தொலை, போ!”

அந்தப் பாட்டுத்தான் ஊர் ஊராகப் போன்களில் ஓடியது. பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் ஒரு பொடியனின் போனில் நான் கொட்டாவி விட்டேன். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த ஐயாவும் கொட்டாவி விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போயிற்று.

பிறகு ஏறாவூரில் தறியில் நெய்கிற ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா. தறியின் சத்தத்தில் அவன் செய்த பீட் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. ராத்தா முக்காட்டுக்கு மேலேயே ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டாமல், பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி இருந்து கேட்டார்.

“போடுங்க தம்பி. ஆனா பாங்கு சொல்ற நேரம் என்ட தறி ஓடாது. உங்கட பாட்டிலயும் ஓடப்படாது.”

பாட்டுக்கு எப்படித் தெரியும் பாங்கு எப்போது என்று? வேறு யாரென்றாலும் சிரித்துவிட்டு ஓம் என்று சொல்லி வந்திருப்பார்கள். இவன் பாட்டின் நடுவில் தறியை நிறுத்தி ஒரு இடைவெளி வைத்தான். பாடுகிற பொடியனுக்குக் கோபம். “நடுவில பீட் செத்துப்போகுதுடா! ஆடுறவன் எல்லாம் தடக்குப்பட்டு விழப்போறான்.” இவன், “ராத்தா தறிய நிப்பாட்டிற்றா மச்சான், நான் என்ன செய்ய?” என்றான். ஒரு நிகழ்ச்சியில் உண்மையாகவே ஒருவன் தடக்குப்பட்டு விழுந்தான்.

எல்லாரும் ஓம் என்று சொல்லவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், பழுகாமத்துப் பக்கம், ஒரு தோணிக்காரர். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, மீனைக் கலைத்து வலைக்குள் விடுவதற்காகத் தோணிப் பலகையில் கம்பால் தட்டுவார். அந்தத் தட்டில் ஒரு நடை இருந்தது. அவன் அதில் ஒரு மாதம் கிடந்து ஒரு பாட்டுச் செய்தான். தோணிக்காரர் கேட்டார். நல்லாயிருக்கு என்றார். பிறகு யோசித்தார்.

“வேணாம் மனே. இது எல்லா இடத்திலயும் கேட்டா மீனுக்குப் பழகிப் போயிரும். மறுகா தட்டினா ஓடாது.”

அழித்துவிட்டு வந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “டேய், மீன் பாட்டுக் கேக்குதாடா? வெளியூர் ஆக்கள் வந்தா இந்த வாவியில மீன் பாடுமாமே எண்டு கேட்டு நம்மட உயிர எடுக்கிறாங்க. நீ மீன் பாட்டுக் கேக்கும் எண்டு சொல்லிற்று வாறாய்!”

“அவருக்குப் பயம் இரிக்கி மச்சாள். அது காணும்தானே” என்றான்.

அம்மன் கோயில் சடங்கு மேளத்தைப் பதிந்து வந்தபோது, அதற்கு யாரைக் கேட்பது என்று அவனுக்குப் பெரிய குழப்பம். மேளகாரர், “நான் அடிக்கிறது அம்மனுக்கு, அவவக் கேளுங்க” என்றுவிட்டார். இவன் போய்ப் பூக்கட்டிப் பார்த்தான். வெள்ளைப் பூ வந்தால் போடலாம். சிவப்பு வந்தது. அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்த பொடியன், “அம்மன் வேணாம் எண்டாவாம், நான் கொழும்பில வேற ஆளப் பாக்கிறன்” என்று போனவன் திரும்பி வரவே இல்லை.

இப்படியே ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கேட்காமல் போடுகிற ஆட்கள் மூன்று நாளில் ஒரு பாட்டை முடிக்கும்போது, இவன் ஒரு ஒப்புதலுக்குப் பஸ்ஸேறி, வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையேறி, வெயிலில் நடந்துகொண்டிருந்தான். அவனோடு தொடங்கிய பிள்ளைகளில் ஒருத்தன் பிரான்சுக்குப் போனான், ஒருத்தன் வங்கிக்குப் போனான். பிழைக்கத் தெரியாதவன் என்று உறவுக்குள் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன், அவன் முகத்துக்கு நேரேயே.

ஆனால் சத்தம் தெரிந்த ஆள் என்ற பெயர் மட்டும் பரவியது. குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் தேடி வந்தார்கள். இசையும் செய்வான், காற்று, கதவு, காலடி எல்லாம் வைத்துக் கொடுப்பான். அந்தப் படங்களிலும் எழுத்தில் அவன் பெயர் வந்ததுதான். “போனில வாற எழுத்தெல்லாம் எழுத்தா?” என்றார் மாமி.

பிறகுதான் பெரிய படம் வந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு டைரக்டர். எங்கள் பக்கத்து வயல் வாழ்க்கையை வைத்துக் கதை. யானை அடித்து ஒரு விவசாயி சாகிறார், அதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்பதுதான் படம். டைரக்டர் கெட்ட மனுசனில்லை. குறும்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு மெத்தை அறைக்கு நேரே படியேறி வந்து, “தம்பி, என்ர படத்துக்கு இசை நீர்தான்” என்றார். அன்று பின்னேரம் மாமி அயலுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். பால்சோறு பொங்கினார்.

டைரக்டருக்கு யானைவெடிச் சத்தம் வேண்டியிருந்தது. யானை விரட்டப் போடும் அந்த வெடி. அதை இவன் முன்பு ஒரு பாட்டுக்காகக் கரடியனாறு என்ற ஊரில் பதிந்திருந்தான். தெரிந்த ஒரு வீட்டில் தங்கி, ரெக்கோடரை வேலியில் கட்டித் தொங்கவிட்டு, அப்படியே ஓடவிட்டுப் படுத்தவன். அன்றைக்கு விடியற்காலம் வட்டையில், வயல்வெளியில், நெல் வெள்ளாமைக் காவலுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரரை யானை அடித்துவிட்டது. உடலைக் கொண்டு வந்தார்கள். இவனும் தூக்கப் போனான், ஆட்களோடு ஓடித் திரிந்தான். வேலியில் தொங்கிய ரெக்கோடரை யார் நினைப்பது? அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தொங்கியது.

டைரக்டர் ஹெட்போனில் வெடியைக் கேட்டார். நாய்களைக் கேட்டார். இவன் கை நீட்டி நிறுத்துவதற்கு முன்னால், அதுக்குப் பின்னால் வந்த அழுகையையும் கேட்டுவிட்டார். ஹெட்போனைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இது ஆர்?”

“அந்தச் செத்தவர்ர பெஞ்சாதி. அது போடேலாது அண்ணன். அவவக் கேக்கல்ல.”

“தம்பி, என்ர படமே இதுதான். இதை விட்டா இந்தப் படத்தில ஒண்டுமில்லை. கேட்டுக்கொண்டு வாரும்.”

நான் அவனைப் பிடித்து ஏசினேன். “அவ்வளவு காலம் அத ஏன்டா வச்சிருந்தாய்? அழிச்சிரிக்கலாமே?”

“அழிக்கிறதுக்கும் அவவிட்டத்தானே கேக்கணும் மச்சாள். செத்த வீட்டுக்குப் போய் எப்பிடிக் கேக்கிற?”



பொம்பிளைத் துணை இருந்தால் நல்லது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். செங்கலடியில் இறங்கிப் பதுளை வீதி பஸ்ஸில் ஏறினோம்.  அந்த அக்கா எங்களைப் பார்த்ததும், “உடலத் தூக்க வந்த தம்பிதானே” என்று அடையாளம் கண்டு கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். இவன் குனிந்த தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னான். வேலியில் தொங்கினது, தெரியாமல் பதிந்தது, ஒரு படத்துக்காரர் கேட்கிறது, எல்லாம். பிறகு ஹெட்போனை நீட்டினான்.

அக்கா கேட்டார். எனக்கும் அந்தச் சத்தம் மெல்லிசாக வெளியே கேட்டது. *வெள்ளாமயக் காக்கப் போனீங்களே, என்ன ஆருட்ட விட்டுப் போனீங்க.*

“இது ஆரு அழுறது?” என்றார் முதலில்.

“நீங்கதான் அக்கா.”

“நானா?” என்று மறுபடியும் காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை எழும்பி வாயைப் பொத்தியது. அந்த இடம் எனக்கும் வெளியே கேட்டது. அழுகை அங்கே நின்று, ஒரு பெயரைக் கூப்பிட்டது. ஒரே ஒருக்கா. படலையடியில் நிற்கிற ஆளை உள்ளே வரச் சொல்வது போல.

“மறுகா ஒருக்காப் போடுங்க” என்றார்.

போட்டான். திரும்பவும் கேட்டுவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் அவர்ர பேரச் சொன்னதே இல்ல தம்பி. கலியாணம் முடிச்ச நாளில இருந்து. கிராம விதானையார் கேட்டாலும் பக்கத்தில நிக்கிற ஆளத்தான் சொல்லச் சொல்லுவன். ஆஸ்பத்திரியில புள்ளதான் சொன்ன. அவருக்கே நான் சொல்லிக் கேக்கக் கிடைக்கல்ல. செத்த பொறகு சொல்லியிரிக்கன் போல. எனக்கு நினைவில்ல.” ஹெட்போன் வயரைச் சுற்றி அவனிடம் நீட்டினார். “இத ஊரெல்லாம் கேக்க வேணாம் தம்பி.”

பெயர் சொல்வதையே தொழிலாக வைத்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அழிச்சிரட்டா அக்கா?” என்றான் அவன்.

“அழிச்சிராதீங்க!” அக்கா பதறிப்போனார். “என்னால வச்சிரிக்க ஏலாது, நெஞ்சு தாங்காது. நீங்க வச்சிரிங்க. வெளிய விட்டிராதீங்க.” பிறகு, “இதால உங்களுக்கு ஏதும் கரைச்சல் வருமா?” என்றார்.

“ஒண்டும் வராதுக்கா. என்னட்ட ஆயிரம் சத்தம் கிடக்கு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில், “என்ன கரைச்சல் எண்டு அந்த அக்காட்ட ஒருநாளும் சொல்லிராதீங்க மச்சாள்” என்றான். சரி என்றேன்.

டைரக்டர் நல்ல விதமாகத்தான் கதைத்தார். “பேர்தானே பிரச்சினை? பேரை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைப் போடுவம்.” இவன் வெட்டிப் பார்த்தான். என்னையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். “கேக்குதா மச்சாள்? பேர எடுத்தா அவ அழுறதுக்கு ஆளில்லாமப் போகுது” என்றான். அதோடு அக்கா வேண்டாம் என்றது பெயரை மட்டுமல்ல, முழுவதையும்.

“அப்ப வேற ஆரையாவது அழ வைப்பம். உம்மட மச்சாளுக்கு நல்ல குரல்தானே” என்றார் டைரக்டர். ஃபேனை நிறுத்திவிட்டு, மெத்தைகளுக்கு நடுவில் நின்று நான் ஒப்பாரி வைத்தேன். என் அப்பா செத்ததை நினைத்து, உண்மையாகவே கண்ணீர் வந்துதான் அழுதேன். டைரக்டர் கேட்டுவிட்டுக் கீழே பார்த்தார். “மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்குது தங்கச்சி” என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தாலும் மனுசன் சொன்னது சரி. அவருடைய காதில் விழுந்துவிட்டது அந்த அக்காவின் அழுகை, இனி எது விழுந்தாலும் போதாது. கடைசியில் படத்தை வேறு ஒரு இசைக்காரரிடம் கொடுத்தார். கொடுக்கும்போது இவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். இவன், “இல்ல அண்ணன், உங்கட படம்” என்றான்.

படம் எங்கள் டவுனுக்கும் வந்தது. பேர் வராது என்று மாமிக்கு அவன் முன்பே சொல்லியிருந்தான். காரணம் சொல்லவில்லை, சரிவரல்ல என்று மட்டும் சொன்னான். “எண்டாலும் பாப்பம்” என்று மாமி நல்ல சாரி உடுத்திக்கொண்டு வந்து நின்றார். பகல் காட்சி. அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தார். அக்காவின் அழுகை வரவேண்டிய இடத்தில் யாரோ ஒரு நல்ல பாடகி, பின்னால் வயலின் வைத்து, சுருதி விலகாமல் அழுதார். சனம் மூக்கைச் சிந்தியது. அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்து எழுத்து ஓடியபோது எல்லாரும் எழும்பிவிட்டார்கள். மாமி மட்டும் எழும்பவில்லை. கழுத்தை நீட்டிக் கடைசி எழுத்து மறையும்வரைக்கும் பார்த்தார். கூட்டுகிற ஆள் விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

“வேகமாப் போகுது மனே” என்றார் மாமி. “வாசிக்கக் கிடைக்கல்ல.”

அவனுடைய அம்மாவுக்கு நல்லா வாசிக்கத் தெரியும். அவன் ஓம் என்று தலையாட்டினான். நான்தான் தாங்க ஏலாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

அதுக்குப் பிறகு அவனிடம் ஒரு களைப்பு வந்தது. கோபமோ அழுகையோ இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். இது களைப்பு. ரெக்கோடரை எடுக்க மறந்து வெளியே போனான். ஒரு வருடத்துக்குள் மெத்தைகளை அகற்றி அறையைக் கொடுத்துவிட்டான். இப்போது கட்டாரில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை. பன்னிரண்டு மணித்தியாலம் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். “என்ன சத்தம்டா அங்க?” என்று கேட்டால், “ஏசிச் சத்தம்தான் மச்சாள். அதுக்கு ஆளில்ல, ஆரக் கேக்கிற?” என்பான். இருவரும் சிரிப்போம். எனக்கும் மரணம் சொல்வது அலுத்துவிட்டது. இப்போது ஒரு வைத்தியசாலையில் இலக்கம் சொல்லி ஆட்களை உள்ளே விடுகிறேன். அங்கே பெயர் சொல்லத் தேவையில்லை.

அவனைப் பற்றி எழுதவேண்டும் என்று இவ்வளவையும் எழுதினேன். எழுதியதும் கை நின்றது. அவனோடு இத்தனை காலம் இருந்தவள் கேட்காமல் போடலாமா? ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாளில், போனில் கூப்பிட்டு முழுவதையும் வாசித்தேன். கொட்டாவியில் சிரித்தான். அம்மா எழுத்துப் பார்த்த இடத்தில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை, லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“போடட்டா?” என்றேன்.

“கரடியனாத்து அக்காவக் கேட்டீங்களா?” என்றான்.

 “கேக்கப் போனா வாசிச்சுக் காட்டணுமேடா. உன்ட படம் போனதும் அதில இரிக்கே. அவவுக்குத் தெரிய வந்திருமே.”

 “அந்தத் துண்ட மட்டும்...” என்று தொடங்கினான். பிறகு தானே நிறுத்திக்கொண்டான். “இல்ல. முழுசா வாசிங்க. பாதியக் காட்டிக் கேக்கிறது கேக்கிறது இல்ல. என்ட பேர மட்டும் போடாதீங்க. அந்தச் செத்த மனுசன்ட பேர் இல்லாத எழுத்தில எனக்கு என்ன பேர்?”

நான் பதுளை வீதி பஸ்ஸில் தனியாகப் போனேன். அக்கா மெலிந்திருந்தார். யானைக்கு இப்போது மின்வேலி போட்டிருக்கிறார்கள், அதையும் யானை உடைக்கிறது என்றார். அவன் சுகம் கேட்டார். “கட்டாருக்குப் போக முதல் வந்தவர். அந்தப் பதிவ அங்க கொண்டு போகட்டா எண்டு கேட்டுத்தான் கொண்டு போனவர். அண்டைக்குத்தான் பேர், தகப்பன்ட பேரெல்லாம் விசாரிச்சன்” என்றார். எனக்கு அது தெரியாது.

முற்றத்தில் கதிரையைப் போட்டு, தொடக்கத்தில் இருந்து வாசித்தேன். கொட்டாவி, தறி, மீன் எல்லாவற்றுக்கும் அக்கா சிரித்தார். அவருடைய இடம் வந்தபோது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர், திரை, மாமி எல்லாம் வாசித்து முடித்தபோது என்னைப் பார்க்கவில்லை, வட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்டும் வராது எண்டுதானே சொன்னவர்” என்றார்.

“ஓம் அக்கா.”

“போடுங்க புள்ள. என்ட பேரோ அவர்ர பேரோ இல்லத்தானே, போடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தத் தம்பீர பேர் எங்க? இவ்வளவு வாசிச்சீங்க, ஒரு இடத்திலயும் வரல்லயே?”

“வேணாம் எண்டிற்றான் அக்கா.”

“என்ட புருசன்ட பேர நான் சொல்லாதது முறை. அந்தப் புள்ளேர பேர ஏன் சொல்லப்படாது? என்னாலதானே அது திரையில வரல்ல” என்றபடி எழும்பினார். முற்றத்தின் நடுவில் நின்று, வட்டையைப் பார்த்து, அவன் பெயரை உரத்துச் சொன்னார். அவனுடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுசாக.

என் கையில் போன் இருந்தது. “மறுகா ஒருக்காச் சொல்லுங்க அக்கா. பதியட்டா? அவன்ட அம்மாவுக்குக் காட்டட்டா?” என்றேன்.

“காட்டுங்க” என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

அன்று பின்னேரமே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கும் முழுவதையும் வாசித்தேன். மகன் சொல்லாத காரணம் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் காதடியில் பிடித்துப் போட்டேன். காற்று, தூரத்தில் ஒரு நாய், அதுக்குப் பிறகு அந்தக் குரலில் அவன் பெயர். மாமி கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“மறுகா ஒருக்காப் போடு புள்ள” என்றார்.